ஏலத்தில் கொட்டிய பணம் நம் ரீசார்ஜில்தான் விடிகிறதா?

5 ஜூலை 2024 – மும்பை சயான் வாசகர் ஒருவர் கேட்டது

மூன்றாம் தேதியிலிருந்து 239 ரூபாய் ரீசார்ஜ் 299 ஆகிவிட்டது. வீட்டில் நான்கு போன். போன வாரம்தான் அலைக்கற்றை ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கம்பெனிகள் அரசாங்கத்துக்கு ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்டிவிட்டு அதை நம் தலையில் கட்டுகிறார்கள். ஏலமே விடாமல் ஒரு நியாயமான விலைக்குக் கொடுத்திருந்தால் நமக்கும் மலிவாகக் கிடைத்திருக்கும். சரிதானே?

6 ஜூலை 2024, காலை

சரியில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏலம் ஜூன் 25-ல் தொடங்கி 26-ல் முடிந்தது. மொத்தமே ஏழு சுற்று. 96,238 கோடி ரூபாய்ச் சரக்கை அரசு கடை பரப்பியது, விற்றது 11,340 கோடிக்கு. எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மறுநாள் 27-ம் தேதி ஜியோ கட்டண ஏற்றத்தை அறிவித்தது. 28-ல் ஏர்டெல், அதே நாளில் வோடஃபோன் ஐடியா. சமீப காலத்தில் இவ்வளவு சப்பென்று முடிந்த ஏலம் கிடையாது. விலையேற்ற அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த நாள்.

இப்போது மறுபக்கம். 2015 மார்ச் ஏலத்தில் 115 சுற்றுகள், 1,09,874 கோடி ரூபாய். அடுத்த வருடம் செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்து இறங்கியது, டேட்டா விலை பாதாளத்துக்குப் போனது. 2022-ல் 5ஜி ஏலம் 1,50,173 கோடியைத் தொட்டது, அதுவரை காணாத தொகை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எல்லாத் திட்டங்களையும் ஒரே அடியில் தூக்கிய ஏற்றம் வரவில்லை.

ஏலத் தொகைதான் கட்டணத்தைத் தூக்குகிறது என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

காரணம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. ஏலத்தில் கொடுத்த பணம் போனது போனதுதான். நீங்கள் ஒரு ஜிபி கூடுதலாகப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தத் தொகை மாறாது. விலை வைக்கிறவன் பார்ப்பது இரண்டு விஷயம்: இந்த ஆள் எவ்வளவு தாங்குவான், கோபித்துக்கொண்டு போனால் எங்கே போவான். இரண்டாவது கேள்விக்கு இப்போது அதிகப் பதில்கள் இல்லை.

6 ஜூலை 2024, இரவு

நான் யார், இதில் எனக்கு என்ன தெரியும் என்று முலுண்ட் நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் பெருநிறுவனக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீடு செம்பூர். ஏலத்தில் கை தூக்கியவர்கள் யாரோ, பணத்துக்காக வந்து உட்கார்ந்தது எங்கள் மேஜைக்கு எதிரே. வங்கியின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

7 ஜூலை 2024

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. 2010-ஐ விரிவாகச் சொல்கிறேன். ஏலம் என்றால் என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் கொஞ்சம் சம்பிரதாயம்.

3ஜி ஏலம் ஏப்ரல் 9-ல் தொடங்கி மே 19-ல் முடிந்தது. 34 ஏல நாட்கள், 183 சுற்றுகள். நாட்டை 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து வட்டம் வட்டமாக ஏலம். மும்பை வட்டத்தில் தனியாருக்கு மூன்று இடம். வாசலில் நின்ற கம்பெனிகள் ஒன்பது. நாற்காலி விளையாட்டுதான், பாட்டு நிற்பதற்குப் பதில் விலை ஏறும். விலை தாங்காதவன் எழுந்து போக வேண்டும்.

அரசு மும்பைக்கு வைத்த அடிப்படை விலை 320 கோடி. டெல்லிக்கும் அதுவே, தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் அதுவே. முடிந்த இடத்தைப் பாருங்கள்: தமிழ்நாடு 1,465 கோடி, கர்நாடகம் 1,580 கோடி, மும்பை 3,247 கோடி, டெல்லி 3,317 கோடி. நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் 3,500 கோடியில் தொடங்கியது 16,751 கோடியில் நின்றது. அவ்வளவு செலவழித்தும் 22 வட்டங்களையும் ஒரே கம்பெனியால் வாங்க முடியவில்லை.

அந்த மே மாதம் எங்கள் பிரிவில், ஏலத்தில் இருந்த ஒரு கம்பெனிக்கான கடன் ஒப்புதல் குறிப்பு எப்போதும் தயாராகவே இருந்தது. எல்லாப் பக்கமும் தட்டச்சு செய்து, சுருக்கொப்பம் போட்டு, தொகை எழுத வேண்டிய கட்டம் மட்டும் பென்சிலில். மாலையில் தொலைத்தொடர்புத் துறை அன்றைய விலைகளை வெளியிடும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பெனியின் நிதிப் பிரிவிலிருந்து போன் வரும். எங்கள் மேலாளர் ரப்பரை எடுப்பார். அழித்து அழித்து அந்த இடத்தில் காகிதமே மெலிந்துபோய், கடைசியில் அந்தத் தாளை மாற்ற வேண்டியதாயிற்று.

போனில் பேசுகிறவர் ஏப்ரலில் வந்தபோது ஒரு உச்ச வரம்பு சொன்னார், அதற்கு மேல் ஒரு பைசா ஏற மாட்டோம் என்றார். அதை நாங்களும் கோப்பில் குறித்துக்கொண்டோம். மே முதல் வாரத்திலேயே அந்த வரம்பு தாண்டிவிட்டது. அவர்களுடைய கணக்குத் தாளில் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியது, ஒவ்வொருவரும் மாதம் செலவழிக்கப் போகும் தொகையும் கூடியது. முதலில் விலை வந்தது, அந்த விலைக்குத் தோதாக எதிர்காலம் பின்னால் வந்தது. நரிமன் பாயிண்டிலும் பாந்த்ரா குர்லாவிலும் இருக்கிற பெரிய பில்காரர்கள் 3ஜி இல்லாத கம்பெனியில் இருக்க மாட்டார்கள், அவர்கள் போனால் மும்பை போச்சு, மும்பை போனால் பங்குச் சந்தையில் மானம் போச்சு என்பதுதான் உண்மையான கணக்கு. அதைத் தாளில் எழுத முடியாது.

ஜெயித்தவர்கள் மே மாத இறுதிக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும், தவணை கிடையாது. சுமார் 67,700 கோடி ரூபாய் வங்கிகளிலிருந்து கிளம்பி ரிசர்வ் வங்கியில் இருக்கும் அரசுக் கணக்கில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பணம் சந்தையில் புழங்காது. மே 26-ம் தேதியே ரிசர்வ் வங்கி, வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் அரை சதவீதம் வரை கூடுதலாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று தனிச் சலுகை அறிவிக்க வேண்டி வந்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரு நாளைக்குக் கொடுத்து வாங்கும் பணத்தின் வட்டி ஜூனில் மேலே ஏறியது. டெல்லியில் ஏலம் முடிந்தது, இங்கே மின்ட் ரோட்டில், ரிசர்வ் வங்கித் தலைமையகத்தில், கை பிசைந்தார்கள்.

அப்புறம் ஒரு கூத்து. இவ்வளவு போட்டி போட்டு வட்டங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட கம்பெனிகளில் மூன்று, உன் வட்டத்தில் என் ஆள், என் வட்டத்தில் உன் ஆள் என்று தங்களுக்குள் ரோமிங் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 2011 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதை நிறுத்தச் சொன்னது. வழக்கு நடந்து 2014 ஏப்ரலில் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏல அறையில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தவர்கள், வெளியே வந்து ஒரே டவரில் குடியிருந்தார்கள்.

9 ஜூலை 2024

முன்வைப்புத் தொகை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஏலத்துக்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் பணமோ வங்கி உத்தரவாதமோ கட்ட வேண்டும். அதற்கு ஏற்பத் தகுதிப் புள்ளிகள் கிடைக்கும், அந்தப் புள்ளிகளுக்குள்தான் கேட்க முடியும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் முடியாது. 2010-ல் முதல் கட்டத்தில் புள்ளிகளில் 80 சதவீதத்துக்காவது ஏலம் கேட்டாக வேண்டும், பிறகு 90, கடைசியில் 100. கேட்காவிட்டால் புள்ளி குறையும், போன புள்ளி திரும்ப வராது. கடைசி நிமிடத்தில் எழுந்து நின்று தட்டிக்கொண்டு போகிறவனைத் தடுக்க அமெரிக்காவில் 1994-ல் முதல் ஏலம் நடந்தபோதே வைத்த விதி. அதை வடிவமைத்ததில் பங்கு கொண்ட மில்கிரம், வில்சன் இருவருக்கும் 2020-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள்.

விஷயம் என்னவென்றால், இந்த முன்வைப்புத் தொகைப் பட்டியலை அரசு ஏலத்துக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறது. 2022-ல் ஜியோ 14,000 கோடி, ஏர்டெல் 5,500, வோடஃபோன் ஐடியா 2,200, அதானி 100. யார் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பது விசில் ஊதும் முன்பே எல்லோருக்கும் தெரியும். இந்த ஜூனில் ஜியோ கட்டியது 3,000 கோடி, வாங்கியது 974 கோடிக்கு. மற்றவர்கள் எல்லை மீறாமல் இருக்க 3,000 கோடியை மேஜையில் வைத்துக் காட்டினால் போதும் என்பது என் ஊகம். வங்கிக்காரன் புத்தி, எல்லாவற்றிலும் உள்நோக்கம் தெரியும்.

10 ஜூலை 2024

மும்பைக்காரர்கள் எம்.டி.என்.எல்-ஐ மறந்துவிட்டீர்கள். 2010 ஏலத்தில் மிகப் பரிதாபமான ஆள் அதுதான், ஏனென்றால் அது ஏலத்திலேயே இல்லை. அரசுக் கம்பெனி என்பதால் டெல்லிக்கும் மும்பைக்கும் முன்பே 3ஜி அலைக்கற்றை ஒதுக்கிவிட்டார்கள். விலை மட்டும், தனியார் சண்டை போட்டு எங்கே நிற்கிறார்களோ அதுவே. 3ஜி-க்கு 6,564 கோடி, பிராட்பேண்ட் அலைக்கற்றைக்கு 4,534 கோடி, ஆக மொத்தம் 11,098 கோடி. ஒன்பது பேர் ஏற்றிய விலைக்குப் பத்தாவது ஆள், கை தூக்காமலேயே, கடன் வாங்கிக் கட்டினார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இல்லை.

பிராட்பேண்ட் அலைக்கற்றையைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். கடன் மூட்டை அவ்வளவு எளிதாகத் திரும்பிப் போகவில்லை.

13 ஜூலை 2024

கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒருவர். போனில் பேசத் தேவையே இல்லை. ஜெர்மனியில் 1999-ல் பத்துத் துண்டு அலைக்கற்றை ஏலத்துக்கு வந்தது. மன்னெஸ்மன் கம்பெனி முதல் ஐந்து துண்டுக்கு மெகாஹெர்ட்ஸுக்கு 18.18 மில்லியன் மார்க், அடுத்த ஐந்துக்கு 20 மில்லியன் மார்க் என்று கேட்டது. அது என்ன 18.18? அடுத்து கேட்கிறவன் குறைந்தது பத்து சதவீதம் ஏற்ற வேண்டும் என்று விதி. 18.18-ஐப் பத்து சதவீதம் ஏற்றிப் பாருங்கள், 20 வரும். நீ அந்த ஐந்தை 20-க்கு எடுத்துக்கொள், நான் இந்த ஐந்தை 20-க்கு வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். எதிரில் இருந்த டி-மொபைலுக்குப் புரிந்துவிட்டது. இரண்டே சுற்றில் ஏலம் முடிந்தது.

அமெரிக்காவில் இன்னும் துணிச்சல். அங்கே 1996-97 ஏலத்தில் கேட்கும் தொகையின் கடைசி மூன்று இலக்கத்தில் ஊரின் எண்ணைப் பதித்தார்கள். மின்னசோட்டாவின் ராச்செஸ்டருக்கு எண் 378. அங்கே போட்டிக்கு வந்தவன் வேறு ஊரில் முன்னணியில் இருந்தான். அந்த ஊருக்கு 3,13,378 டாலர் என்று ஒரு ஏலக் கேள்வி போய் விழுந்தது. 378-ஐ விட்டு ஓடு, இல்லாவிட்டால் இங்கே வந்து அடிப்பேன் என்று பொருள்.

நம் ஊரில் இந்த விளையாட்டு நடக்காது. தொகையைக் கம்பெனி எழுதுவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் விலையை ஏல நடத்துநரே நிர்ணயிப்பார், அந்த விலைக்கு எத்தனை துண்டு வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். இலக்கத்தில் ரகசியம் வைக்க இடமில்லை. ஆனால் மூன்றே பேர் இருக்கும்போது ரகசியத்துக்கு என்ன வேலை?

13 ஜூலை 2024, இரவு

கொசுறு ஒன்று. நியூசிலாந்தில் 1990-ல் இரண்டாவது உயர்ந்த விலையைக் கட்டினால் போதும் என்று ஏலம் வைத்தார்கள், அடிப்படை விலை இல்லாமல். ஒடாகோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சின்ன ஊர் ஒன்றின் டிவி உரிமத்துக்கு ஒரு டாலர் கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. இரண்டாவது விலையே இல்லாததால் அவர் ஒன்றும் கட்டவில்லை. ஒரு லட்சம் டாலர் கேட்ட கம்பெனி ஆறு டாலர் கட்டியதும் அங்கேதான்.

18 ஜூலை 2024

முதல் நாள் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏலத் தொகை நேர்வழியில் பில்லுக்கு வருவதில்லை என்றேன். நேர்வழியில்தான் வருவதில்லை. சுற்றுவழி ஒன்று இருக்கிறது, அதை மும்பையிலேயே காட்டலாம்.

எங்கள் அப்பாவின் எண் 9821-ல் தொடங்கும். மும்பையில் 1995-ல் செல்போன் வந்தபோது 9820 ஒரு கம்பெனி, 9821 பி.பி.எல். பி.பி.எல்தான் பிறகு லூப் மொபைல் ஆனது. 2014 நவம்பரில் அதன் இருபது வருட உரிமம் முடிய இருந்தது. அதற்காக அந்த வருடம் பிப்ரவரியில் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை மும்பையில் ஏலத்துக்கு வந்தது, மொத்தம் 16 மெகாஹெர்ட்ஸ். அடிப்படை விலை மெகாஹெர்ட்ஸுக்கு 328 கோடி, முடிந்தது 563 கோடி. வோடஃபோன் 11, ஏர்டெல் 5. லூப் அந்த ஏலத்துக்கே வரவில்லை. தன் வாடிக்கையாளர்களை ஏர்டெலுக்கு விற்கப் பார்த்தது, அதுவும் நடக்காமல் நவம்பரில் கடையை மூடியது. அப்பா எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். 9821 அப்படியே இருக்கிறது, பின்னால் இருக்கும் கம்பெனிதான் வேறு.

இதில் வோடஃபோன் நிலைமையைக் கவனியுங்கள். அதன் உரிமமும் முடிகிறது. அந்த 900-ஐ விட்டால் மும்பையில் அத்தனை வருடம் கட்டிய நெட்வொர்க் செல்லாக் காசு. இப்படிப்பட்டவன் ஏலத்தில் இருந்தால் விலைக்குக் கூரை கிடையாது, அவனால் எழுந்து போக முடியாது. 2015-ல் நாடு முழுக்க இதே கதை. ஐடியா, ஏர்டெல், வோடஃபோன், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாருக்கும் பல வட்டங்களில் உரிமம் முடிகிற நேரம். அந்த 1.1 லட்சம் கோடியில் பெரும்பகுதி, இருக்கிற வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளக் கொடுத்த பணம். தவணையில் கட்டலாம் என்று அப்போது வசதி வந்திருந்தது. வசதி என்றால் கடன்.

கடனோடு நின்றவர்கள் எதிரே 2016-ல் புதிய ஆள் இலவசமாக இறங்கினார். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 டிசம்பரில் குரல் சேவையை நிறுத்தியது. ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, தமிழ்நாட்டில் வேறு கம்பெனிக்கு மாறக் கூட்டம் அலைமோதியது. டெலினாரும் டாடாவின் மொபைல் தொழிலும் ஏர்டெலுக்குள் போயின. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. 2010-ல் வாசலில் ஒன்பது பேர். 2024-ல் மூன்று.

ஆக, ஏலம் பில்லை ஏற்றுகிறது, ஆனால் கட்டியவனின் பில்லாக இல்லை. கட்ட முடியாமல் போனவன் வெளியேறுகிறான், மிச்சம் இருப்பவன் ஏற்றுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு பத்து வருடம் ஆகிவிடுவதால் நமக்குத் தொடர்பு தெரிவதில்லை.

19 ஜூலை 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் ஏலம் புதியவனை உள்ளே விடாது என்கிறீர்களா என்று முலுண்ட் நண்பர் மடக்குகிறார். இல்லை. அந்தப் புதியவன் வந்ததே ஏலம் வழியாகத்தான்.

3ஜி முடிந்த சூட்டோடு 2010 மே 24-ல் பிராட்பேண்ட் ஏலம். 117 சுற்று. இன்ஃபோடெல் என்ற, யாரும் கேள்விப்படாத கம்பெனி 22 வட்டங்களையும் 12,848 கோடிக்கு வாரிக்கொண்டது. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் யாரும் இல்லை, இவ்வளவு பணத்துக்கு எந்த வங்கி உத்தரவாதம் கொடுத்தது என்பதுதான் அன்றைய மதியச் சாப்பாட்டுப் பேச்சு. முடிவு வந்த அன்றைக்கே ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 4,800 கோடி கொடுத்து 95 சதவீதத்தை வாங்கியது. அது வெறும் டேட்டாவுக்கான அலைக்கற்றை. 2013-ல் 1,658 கோடி கட்டிக் குரல் சேவைக்கும் உரிமம் வாங்கிக்கொண்டார்கள். அந்த வேர்தான் ஜியோ.

இன்ஃபோடெல்லின் பின்னால் இருந்தது எச்.எஃப்.சி.எல் நஹாட்டா குடும்பம். பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். 1995-ல் தரைவழித் தொலைபேசி உரிமங்களுக்கு மூடிய டெண்டர் வைத்தபோது ஒன்பது வட்டங்களுக்கு 85,000 கோடி ரூபாய் அளவுக்கு எழுதிக்கொடுத்தது எச்.எஃப்.சி.எல்தான். சுக்ராம் அமைச்சர். ஒரு கம்பெனிக்கு மூன்று வட்டத்துக்கு மேல் கிடையாது என்று டெண்டர் திறந்த பிறகு வரம்பு வைத்தார்கள். ஆட்டம் முடிந்தபின் விதி.

அந்தக் காலத்து ஏலத் தொகைகளை யாராலும் கட்ட முடியாமல்தான் 1999-ல் கொள்கையை மாற்றி, வருமானத்தில் பங்கு என்ற முறைக்குப் போனார்கள். வருமானத்தில் பங்கு கேட்டால் அது உங்கள் பில்லின் ஒவ்வொரு ரூபாயிலும் இருக்கும். சயான் வாசகர் கோபப்பட வேண்டிய இடம் அது. புதிதாக ஏலத்தில் வாங்கும் அலைக்கற்றைக்கு இருந்த பயன்பாட்டுக் கட்டணத்தை 2021 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள், உரிமக் கட்டணம் இன்னும் இருக்கிறது.

22 ஜூலை 2024

ஏலம் விடாமல் நியாயமான விலைக்குக் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கொடுத்துப் பார்த்தோமே. 2008 ஜனவரி 10. 122 செல்போன் உரிமங்கள், நாடு முழுவதற்கும் சேர்த்து 1,658 கோடி என்று 2001-ல் முடிவான விலைக்கே. முதலில் வந்தவருக்கு முதலில் என்றார்கள். பிற்பகலில் அறிவிப்பு, அதே நாளில் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் பவனில் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு பணம் கட்ட வேண்டும், அதில் முந்தியவர் வரிசையில் முந்தியவர். தணிக்கை அறிக்கையில் என் கண்ணில் பட்ட வரி வேறு: 13 விண்ணப்பதாரர்களின் டிமாண்ட் டிராஃப்டுகளில், அறிவிப்புக்கு முந்தைய தேதி. கிளையில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஆயிரம் கோடிக்கு மேல் ஒரு டிராஃப்டை யாரும் சும்மா எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தொகையும் யார் பெயருக்கு என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற தணிக்கைக் கணக்கு, 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது, 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. அரசியல் சண்டை இங்கே வேண்டாம், அதற்கு ஆயிரம் இடம் இருக்கிறது.

அந்த 1.76 லட்சம் கோடியின் பெரும்பகுதி 2010-ன் 3ஜி விலையை வைத்துப் போட்ட கணக்கு. பென்சிலும் ரப்பருமாக ஏறிய விலை அது. அதே மயக்கத்தில் அரசு 2012 நவம்பரில் நாடு தழுவிய 5 மெகாஹெர்ட்ஸுக்கு 14,000 கோடி என்று அடிப்படை விலை வைத்தது. இரண்டு நாளில் ஏலம் முடிந்து 9,408 கோடி வந்தது. மும்பையிலும் டெல்லியிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டரை வருடம் முன்பு ஒன்பது பேர் அடித்துக்கொண்ட ஊர்கள் இவை.

700 மெகாஹெர்ட்ஸ் கதை இன்னும் தெளிவு. 2016-ல் மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி கேட்டார்கள், ஆளில்லை. 2021-ல் 6,568 கோடிக்கு இறக்கினார்கள், ஆளில்லை. 2022-ல் 3,927 கோடி. ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது, அடிப்படை விலையிலேயே. ஆறு வருடம் அந்த அலைக்கற்றை யாருக்கும் பயன்படாமல் காற்றில் கிடந்தது. சுவர்களைத் தாண்டி உள்ளே வரக்கூடிய அலைவரிசை அது. தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ உள்ளறையில் உட்கார்ந்து போன் பேசிப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

23 ஜூலை 2024

2022 ஏலத்தில் உண்மையான சண்டை நடந்ததா என்று கேட்டவருக்கு: ஒரே இடத்தில். கிழக்கு உத்தரப் பிரதேசம், 1800 மெகாஹெர்ட்ஸ். சரக்கு குறைவு, தேவைப்பட்டவர்கள் அதிகம். மெகாஹெர்ட்ஸுக்கு 91 கோடியில் தொடங்கி 160.57 கோடியில் நின்றது. ஏலம் ஏழு நாள், 40 சுற்று என்று இழுத்தது பெரும்பாலும் இதற்காக. முதல் நாளே 1.45 லட்சம் கோடி வந்துவிட்டது, மற்ற எல்லாம் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான். 72,098 மெகாஹெர்ட்ஸ் வைத்து 51,236 விற்றது. சரக்கு மிஞ்சும் ஏலத்தில் விலையை முடிவு செய்வது தாளில் அடிப்படை விலையை எழுதுகிற அதிகாரி, போட்டி அல்ல.

26 ஏப்ரல் 2025

இழை தூங்கிப்போய்விட்டது, இரண்டு செய்திக்காக எழுப்புகிறேன்.

ஒன்று, மார்ச் கடைசியில் வோடஃபோன் ஐடியா கட்ட வேண்டிய அலைக்கற்றை பாக்கியில் 36,950 கோடியை அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது. அரசின் பங்கு 22.6 சதவீதத்திலிருந்து 48.99. ஏலம் விடுகிறவரே, கடன் கொடுத்தவரே, ஏலம் கேட்கிற மூவரில் ஒருவரின் பாதிக் கம்பெனியையும் வைத்திருப்பவர். பி.எஸ்.என்.எல்-ஐயும் சேர்த்தால் என்ன சொல்வது. எங்கள் வங்கியில் கடன் வசூலாகாத கம்பெனியின் பங்கை எடுத்துக்கொள்வது கடைசிக் கட்டம். அந்தக் கோப்புகள் எதுவும் எங்களுக்குச் சந்தோஷம் தந்ததில்லை. ஆனால் இவர்கள் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் மூன்று இரண்டாகியிருக்கும், அப்போது 299 எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டாலும் இந்த ஒரு முடிவில் நான் அரசின் பக்கம்.

இரண்டு, நாலு நாள் முன்பு வந்தது. 2022-ல் 212 கோடிக்கு 26 கிகாஹெர்ட்ஸில் 400 மெகாஹெர்ட்ஸ் வாங்கிய அதானி, அதை ஏர்டெலுக்கு மாற்றிக் கொடுக்கிறது. மும்பையில் 100, தமிழ்நாட்டில் 50, கர்நாடகத்தில் 50, இன்னும் சில வட்டங்கள். 2022-ல் நான்காவது ஆள் வந்தார் என்று பத்திரிகைகள் குதித்தன. அவர் கட்டிய முன்வைப்புத் தொகை 100 கோடி என்பதை அன்றைக்கே பட்டியலில் பார்த்தோம்.

27 ஏப்ரல் 2025

செயற்கைக்கோள் இணையத்துக்கு ஏலம் உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஏலம் இல்லாமல் கொடுக்கலாம் என்ற பட்டியலில் அதைப் போட்டிருக்கிறார்கள். அது வேறு சண்டை, இதைவிடப் பெரியது. தனி இழை தொடங்குங்கள், வந்து சேர்ந்துகொள்கிறேன்.